மாரியில் மாட்டுக்கொட்டில்: காற்றைத் தடுத்தலும் காற்றோட்டம் பேணலும்

நெற்காணியையும் தோட்டக்காணியையும் நம்பி வாழும் கமக்காரருக்கு மாடும் ஆடும் பாலை மாத்திரம் தருவனவல்ல. மிளகாய், வெங்காயம், கத்தரி முதலிய பயிர்களுக்கு வேண்டிய எருவும் அவற்றிடமிருந்தே கிடைக்கின்றது. எனினும் பெரும்போக வேலைகள் நெருக்கும் காலத்தில் வயலுக்குச் செலுத்தப்படும் கவனத்தில் ஒரு சிறு பங்கேனும் கொட்டிலுக்குச் செலுத்தப்படுவதில்லை. வாடைக்காற்றும் மழையும் ஒருங்கே வருவது அக்காலத்திலேயாம்.

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் நிகழ்ந்ததைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். மண்டூஸ் என்னும் புயல் நமது கரையைக் கடக்கவில்லை. அது தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. ஆயினும் அதனோடு வந்த குளிர்காற்றினாலும் மழையினாலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. கூரையைப் பிடுங்கும் புயல்தான் வரவேண்டும் என்பதில்லை. ஓரிரவு முழுவதும் ஓயாது வீசும் ஈரக்காற்றே போதும் என்பது அன்று புலனாயிற்று.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். மாட்டின் உரோமங்களுக்கிடையே தங்கிநிற்கும் காற்றே அதற்குப் போர்வையாக உதவுகின்றது. மழையில் உரோமம் நனைந்ததும் அப்போர்வை இல்லாது போகின்றது. அதன்மேற் காற்று வீசுமாயின் உடற்சூடு விரைவில் இழக்கப்படும். வெப்பத்துக்குப் பழகிய நமது மாடுகளின் உரோமமோ குறுகியது. மெலிந்த மாடுகளும் இளங்கன்றுகளும் முதலிற் சாய்வது இதனாலேயே. நமது தாழ்நிலங்களில் உண்டாகும் வெறுங்குளிர், நனையாது ஒதுங்கிநிற்கும் நன்கு தீனியுண்ட மாட்டைக் கொல்லத்தக்கதன்று. ஆதலால் ஈரத்தையும், உடலிற் படும் காற்றையும் தடுப்பதே கொட்டிலின் முதற் கடமை.

இத்தகைய இழப்பைக் கண்டவர்கள் அடுத்த மாரியிற் கொட்டிலின் நான்கு பக்கங்களையும் கூரைவரை பொலித்தீன் தாளால் மூடிவிட எண்ணுவது இயல்பு. அச்சம் நியாயமானதே, செயல் தவறானது. கொட்டிலில் நிற்கும் ஒவ்வொரு மாடும் மூச்சோடு பெருமளவு நீராவியை வெளிவிடுகின்றது. சலத்திலிருந்தும் சாணியிலிருந்தும் அமோனியா வாயு எழுகின்றது. இவை வெளியேற வழியில்லையெனின், கூரையின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும், படுக்கை நனையும், அமோனியா சுவாசக் குழாய்களை அரிக்கும். ஈற்றில் மழையில் நனையாத கன்று நுரையீரல் அழற்சியால் இறக்கும். கொட்டிலின் காற்று நல்லதா என அறிய விரும்புவோர், விடியற்காலையிற் கன்று படுத்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து சிறிதுநேரம் இருந்து பார்க்கட்டும். கண் கரிக்குமாயின் காற்றோட்டம் போதாது. நின்றபடி முகர்ந்து பார்ப்பவருக்கு இது தெரியாது.

காற்றைக் கீழே தடுத்து மேலே விடுவதே முறை. கொட்டிலைக் கிழக்கு மேற்காக நீட்டி அமைத்தால், வாடை அதன் வடக்குப் பக்கத்தையும் கிழக்கு முகப்பையும் தாக்கும். அவ்விரு பக்கங்களிலும் மூன்றரை அடி முதல் நான்கு அடி உயரத்துக்குக் கல்லாலோ மண்ணாலோ இடைவெளியில்லாத சுவர் எழுப்புக. சுவரின் மேல், கூரை வரையுள்ள இடம் திறந்திருக்கட்டும். தெற்கும் மேற்கும் திறந்தே இருக்கலாம். கோடையில் வீசும் சோளகம் அவ்வழியே புகுந்து வெப்பத்தைத் தணிக்கும். வாடைப்பக்கத்தைத் திறந்துவிட்டு மற்றை மூன்று பக்கங்களையும் அடைப்பது மிகவும் ஆபத்தானது. உட்புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைக் கீழிருந்து தூக்கும்.

சுவர் ஏன் அவ்வளவு உயரம் எனின், கூரை விளிம்பு நிலத்திலிருந்து ஆறடி உயரத்திலும் சுவருக்கு வெளியே மூன்றடி நீண்டும் இருக்கிறதெனக் கொள்க. எவ்வளவு விழுகின்றதோ அவ்வளவு சாயும் மழை, சுவரின் மூன்றாவது அடியில் வந்து படும்; மூன்றரை அடிச் சுவர் அதனைத் தடுத்துவிடும். இறவாரம் ஓரடி மாத்திரம் இருக்குமாயின் அதே மழை சுவருக்கு மேலாக உட்புகும். கிடுகிற் சிக்கனம் பார்த்து இறவாரத்தைக் குறைப்பவர் மாட்டுக்கு ஈரப் படுக்கையையே அளிக்கின்றார். இதனினும் சாய்ந்து அடிக்கும் மழைநாட்களுக்கெனக் கிடுகுத் தட்டிகளையோ தைத்த சாக்குகளையோ வடக்கிலும் கிழக்கிலும் சுருட்டிக் கட்டி வைத்து, வேண்டியபோது அவிழ்த்துவிடுக. அப்போதும் கூரையின் கீழ் ஒரு சாண் இடைவெளி விடப்படல் வேண்டும்.

வேலியும் ஒரு பாதுகாப்பே. இடையிடையே சிறிது காற்றை விடும் வேலி, மதிலிலும் நன்றாகக் காற்றின் வேகத்தை அடக்கும். மதிலைத் தாண்டிய காற்றோ மறுபுறம் சுழன்று விழும். கொட்டிலின் வடகிழக்கே பதினைந்து அடி தூரத்திற் பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை ஆகியவற்றை நெருக்கமாக நட்டு, அடியிற் பனையோலை வரிந்து கட்டலாம். தோட்டத்துக்குப் பசளையாகக் குழை வெட்டுவோர் மாரி தொடங்கும் வேளையில் இப்பக்க வேலியை மொட்டையாக்காது விடுதல் நன்று.

நிலம் வெளிநிலத்தினும் அரையடியாவது உயர்ந்து, நாலடிக்கு ஓரங்குலம் சரிந்து, சலம் வாய்க்கால் வழியே எருக்குழிக்குச் செல்லுமாறு அமைதல் வேண்டும். உலர்ந்த வைக்கோலோ உமியோ பரப்புக. ஆடுகளுக்குச் சட்டங்களிட்ட பரணே சிறந்தது. ஆயின் பரணின் கீழிருந்து வீசும் வாடை ஆட்டின் வயிற்றில் நேரே படுமாதலால், அப்பக்கத்தின் அடியையும் ஓலையால் மறைத்துவிடுக.

கூரையில்லாத திறந்த பட்டிகளில் நூறு மாடுகளை அடைப்போருக்குக் கொட்டில் அமைக்கச் சொல்வது வீண். அவர்கள் மாரிக்கு முன்னர் பட்டியை மேட்டுநிலத்துக்கு மாற்றி, வடகிழக்கே ஆளுயரத்துக்கு ஓலைத்தட்டி நிறுத்தினாற் பெரும் பயன் உண்டு. கன்றுகளுக்கும் கன்றீன்ற பசுக்களுக்குமாவது ஒரு சாய்ப்புக் கூரை இடுதல் இன்றியமையாதது.

தீனியும் ஒரு போர்வையே. வைக்கோல் இரைப்பையிற் செரிக்கும்போது உள்ளே சூடு உண்டாகின்றது. ஆகவே குளிர்நாட்களில் மாலையில் வயிறு நிறைய வைக்கோல் இட்டுக் கட்டுக. சிறுபோக வைக்கோலை வயலில் எரித்துவிட்டவருக்கு மார்கழியில் இது இயலாது; மாட்டுக்கென ஒரு போராவது வேய்ந்து வைத்தல் வேண்டும். குளிருக்கும் நுளம்புக்குமென அடைத்த கொட்டிலுக்குள் மூட்டமிடுதல் தகாது. புகை நுரையீரலைக் கெடுப்பதோடு, கிடுகுக் கூரையில் ஒரு பொறி பட்டால் கட்டியிருக்கும் மாடுகளை அவிழ்க்கவும் நேரமிராது.

இரவில் இறக்கிய தட்டிகளைக் காலையில் மழை விட்டதும் சுருட்டிக் கட்டி, ஈரப் படுக்கையை வாரி எருக்குழியிலிட்டு, குழியைக் கிடுகால் மூடிவிடுக. மழையிற் கரைந்தோடும் எருவின் சத்து தோட்டத்துக்குச் சேராது.