பையனின் முதல் பைக்... பழைய 'ஆல்டர்' வண்டி வாங்கலாமா?

காலேஜில் சேர்ந்த பையன் வீட்டில் கேட்கும் முதல் பெரிய பொருள் பைக்தான். அதிலும் இப்போது பல பையன்களுக்கு ஷோரூம் வண்டி பிடிப்பதில்லை. "பழைய புல்லட் வேணும்... யெஸ்டி வேணும்... ஆர்.எக்ஸ். 100 வேணும்" என்கிறார்கள். அதையும் அப்படியே வாங்கினால் போதாதாம். ஹேண்டில்பாரை மாற்றி, பின் மட்கார்டை வெட்டி, சைலன்ஸரைக் குடைந்து 'ஆல்டர்' பண்ணின வண்டியாக இருக்க வேண்டுமாம்!

'இதில் வைத்தியருக்கு என்ன வேலை?' என்று கேட்கிறீர்களா? வண்டி கொடுத்த வலியோடு கடைசியில் எங்களிடம்தானே வருகிறார்கள்! அதனால் வாங்குவதற்கு முன்பே நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மனதில் வையுங்கள். ஆர்.எக்ஸ். 100, மைசூரில் தயாரான பழைய யெஸ்டி இரண்டின் உற்பத்தியும் 1996-ல் நின்றுவிட்டது. பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அது உங்கள் பையனைவிட வயதில் மூத்த வண்டி. வயதானவரைப் பரிசோதிக்கிற நிதானம் அதைப் பார்க்கவும் வேண்டும்.

எண்வகைத் தேர்வு

சித்த மருத்துவத்தில் நோயாளியை எட்டு விதமாகச் சோதிப்போம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். பழைய வண்டிக்கும் இதே கணக்கு சரியாக வரும்.

நிறம்: புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். துருவையும் வெல்டிங்கையும் மறைக்கப் பெயின்ட்டைப்போல வசதியானது வேறில்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே சேஸிஸின் கழுத்துப் பகுதியிலும், பின் சீட்டுக்கு அடியிலும் வெட்டி ஒட்டிய தடம் இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். ஓடும்போது விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து.

நா: பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் மாதிரி துரு தெரிந்தால், அது கார்புரேட்டரை அடைத்து நடுரோட்டில் வண்டியை நிறுத்தும்.

நாடி: நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கிளம்பியபின் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். துடிப்பு சீராக இருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று கவனியுங்கள்.

மொழி: இன்ஜினுக்குள் 'கடகட' என்று இரும்புச் சத்தம் கேட்கக் கூடாது. ஹாரன் ஒழுங்காகப் பேச வேண்டும்.

விழி: ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், இரண்டு பக்கக் கண்ணாடி. அழகுக்காக முதலில் கழற்றி எறிவது இவற்றைத்தான்.

மலம்: புகையைப் பாருங்கள். புல்லட் மாதிரி நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. யெஸ்டி, ஆர்.எக்ஸ். இரண்டும் ஆயில் கலந்து எரியும் டூ ஸ்ட்ரோக். கொஞ்சம் புகை அதன் சுபாவம். ஆனால் பாதி எரிந்த அந்தப் புகை ஆஸ்துமா, சைனஸ் உள்ள வீட்டுக்கு ஆகாது.

மூத்திரம்: வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருக்கிறதா? அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்பரிசம்: சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டை விரலால் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றியாக வேண்டும். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது என்று பொருள்.

வண்டி பாஸ்... உடம்பு?

வண்டி தேறிவிட்டால் போதாது. ஓட்டுகிறவருக்கு அது பொருந்துகிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

பையனை உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். பிறகு இறங்கித் தள்ளச் சொல்லுங்கள். நடு ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள். புல்லட்டின் எடை 160 கிலோவுக்கு மேல். டிராஃபிக்கில் சாய்ந்தால் முதல் முறை ஓட்டுகிறவரால் பிடித்து நிறுத்த முடியாது. கணுக்காலும் இடுப்பும்தான் அடி வாங்கும்.

பழைய புல்லட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில்! மற்ற வண்டியில் பழகிய பையன், குறுக்கே ஆள் வந்த பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பான். அந்த ஒரு விநாடி போதும். கிக்கரும் அப்படித்தான். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, பக்குவமாக உதைக்கத் தெரியாவிட்டால் அது திருப்பி உதைக்கும். முழங்கால் வீங்கி வந்தவர்கள் உண்டு.

மேலும், 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் அது காக்கும். பழைய டிரம் பிரேக்கில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுபவம் இல்லாதவனுக்குத்தானே அது முக்கியமாகத் தேவை!

ஆல்டரேஷன் செய்யும் கோளாறு

ஒரு 19 வயதுப் பையன் வந்தான். விரல்கள் மரத்துப்போகின்றன, இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றான். விசாரித்ததில், ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, சீட்டின் ஸ்பாஞ்சைக் குறைத்த வண்டி. தினம் 40 கிலோமீட்டர். உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில், அதிர்வு முழுவதும் முதுகெலும்பில்! ஹேண்டில்பாரையும் சீட்டையும் பழையபடி மாற்றச் சொன்னேன். உளுந்துத் தைலம் தடவி, நொச்சி இலை ஒற்றடம் கொடுக்கச் சொன்னேன். ஒரு மாதத்தில் சரியானான். வண்டியை மாற்றாமல் தைலத்தை மட்டும் தடவியிருந்தால் பலித்திருக்காது.

இடுப்புப் பகுதி வாதத்தின் இடம். அதிர்வு, குனிந்த நிலை, வெளியூர்ப் பயணத்தில் சிறுநீரை அடக்குவது எல்லாம் வாதத்தைக் கிளப்பும். கால் பக்கம் வலி இறங்கினாலோ, காலில் பலம் குறைந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

குடைந்த சைலன்ஸர் காதுக்கு எமன். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினமும் 8 மணி நேரம் இருந்தாலே செவித்திறன் குறையும். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். போன செவித்திறன் திரும்பி வராது.

அம்மாக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பின்னால் உட்காரப் போவது நீங்கள்தான். சக்கரத்தை மூடும் சாரி கார்டு, கைப்பிடி, கால் மிதி மூன்றும் சட்டப்படி இருக்க வேண்டியவை. ஆல்டர் வண்டியில் முதலில் காணாமல் போவது சாரி கார்டு. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சைலன்ஸரில் கால் சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க், காபித்தூள் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

காகிதமும் முக்கியம்

* ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின், சேஸிஸ் எண்கள் வண்டியில் உள்ளவையோடு பொருந்த வேண்டும்.
* பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.
* அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ உண்டு.
* கியர் வண்டிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். சிறுவன் ஓட்டிக் குற்றம் செய்தால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம்.
* வாங்கிய கையோடு பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் இரண்டையும் முடியுங்கள்.

என் யோசனை

முதல் வண்டி, ரோட்டைக் கற்றுக்கொள்வதற்கு. அது எடை குறைந்ததாக, நல்ல பிரேக் உள்ளதாக, தொழிற்சாலையில் செய்தபடியே இருப்பதாக இருக்கட்டும். பழைய வண்டி ஆசை தப்பில்லை. இரண்டு வருஷம் ஓட்டிக் கை பழகிய பிறகு அதை இரண்டாவது வண்டியாக வாங்கித் தாருங்கள்.

'இதுதான் வேணும்' என்று பையன் பிடிவாதம் பிடித்தால், ஆல்டர் செய்யாத வண்டியாகப் பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். புது பிரேக் ஷூ, புது டயர், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 2 ஹெல்மெட்... இந்தச் செலவையும் வண்டி விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மறுத்தே ஆக வேண்டும் என்றாலும் 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போய் இந்த எட்டுச் சோதனையையும் அவன் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். பாதி வண்டிகளை அவனே வேண்டாம் என்று சொல்லிவிடுவான்!