கொல்லிமலைச் சரித்திரமும் கடல் கடந்த புத்தகங்களும்

கொல்லிமலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது என்ன? வல்வில் ஓரி, அறப்பளீசுவரர் ஆலயம், ஆகாய கங்கை அருவி. சங்கப் புலவர்கள் பாடிய மலை அது. ஆனால், நூறு வருஷங்களுக்கு முன் அந்த மலையில் ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள், எந்த நோயில் வாடினார்கள் என்று அறிய விரும்புகிறவர் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது? சங்க நூல்கள் அதைச் சொல்லா. கிறிஸ்தவத் திருச்சபை வரலாற்று நூல்கள் கொஞ்சம் சொல்கின்றன!

மலையில் ஒரு குடும்பம்

ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலப் பாதிரியாரும் ஈவ்லினும் 1913-ல் மணம் புரிந்துகொண்டு இம்மலையில் குடியேறினார்கள். நரம்புச்சிலந்தி நோய் கண்டவர்களுக்கு அவர் வைத்தியம் செய்தார். தச்சு வேலையும் கற்றுக் கொடுத்தார். 1929-ல் விஷக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அந்த அம்மையாரோ வயோதிகத்திலும் மலையை விடவில்லை. 1974-ல் தமது 95-வது வயதில் காலமானார். இம்மலையில் வளர்ந்த அவர்கள் மகன்தான், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு ரண சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டு.

இந்தக் குடும்பத்தின் கதையை டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1965-லும் 1976-லும் இரண்டு புத்தகங்களாக வெளியிட்டார். இரண்டும் ஆங்கிலத்தில்! நம் மலையின் கதையை நாம் பிறர் மொழியில் படிக்க வேண்டியிருக்கிறது.

முதல் புத்தகம் எங்கே?

கொல்லிமலைக்கு மட்டுமா இந்த நிலை? தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்தின் கதியும் இதுவே.

அதன் பெயர் "தம்பிரான் வணக்கம்". முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்ந்த ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழாக்கிய ஞானோபதேச நூல். 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. மொத்தம் 16 பக்கங்களே. இந்திய மொழி எழுத்து ஒன்றில் அச்சேறிய முதல் புத்தகமும் இதுதான். இன்று தெரிந்திருக்கும் ஒரே பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டு சர்வகலாசாலை நூல் நிலையத்தில் இருக்கிறது!

அதே பாதிரியார் 1580-ல் கொச்சியில் அச்சிட்ட இன்னொரு நூல், பாவசங்கீர்த்தனம் செய்ய வருவோருக்கான வழிகாட்டி. அது ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் போட்லியன் நூல் நிலையத்தில் இருக்கிறது.

மத நூல்தானே என்று தள்ளிவிடலாமா? கூடாது. நானூறு வருஷங்களுக்கு முன் கடற்கரை ஜனங்கள் பேசிய தமிழுக்கு இவை சாட்சி. பாவத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளிலேயே அக்கால வாழ்க்கையின் சாயல் தெரியும். அக்காலத்து அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேற்றுமையும் கிடையாது. நம் எழுத்து நடந்துவந்த பாதையே அந்தத் தாள்களில் இருக்கிறது.

தேடிச் சென்ற தமிழர்

இந்தப் பொக்கிஷங்களைத் தேடிப் புறப்பட்டவர் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகளார். புரோவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை ரோமில் வத்திக்கான் நூல் நிலையத்தில் கண்டார். 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான அந்த அகராதியில் 16,000-க்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. அதன் நிழற்படப் பதிப்பை 1966-ல் மலாயா சர்வகலாசாலை மூலம் வெளிவரச் செய்தார். ஒருவர் தேடியதால், ஒரே இடத்தில் கிடந்த நூல் உலகத்துக்கே கிடைத்தது!

நம் கடமை

ஈரமும் கரையானும் நம் நாட்டில் புத்தகத்துக்கு எமன்கள். அவற்றுக்குத் தப்பியவற்றை அலட்சியத்துக்கு இரையாக்க வேண்டுமா? சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களைப் பேணுகிறது. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி திருச்சபை ஆவணங்களைக் காத்து வருகிறது.

வாசகர்கள் வீட்டுப் பரணிலோ, ஊர்க் கோயிலின் மரப்பெட்டியிலோ பழைய ஜெபப் புத்தகமும், ஞானஸ்நானப் பதிவேடும், மிஷன் பத்திரிகையும் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் அருகிலுள்ள கல்லூரி நூலகரிடம் ஒரு தடவை காட்டுங்கள். பேத்தி பேரன்மார் தம் ஊர்க் கதையைப் படிக்கக் கப்பலேறிப் போக வேண்டாம்!