குழவி நின்றது, கல் சுழன்றது

போடிமெட்டில் பொழுது விடியும்போது பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு முதலில் வருவது ஜீப்புகளின் வெளிச்சம்தான். போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் திணறி ஏறி, சோதனைச் சாவடியைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண் தொழிலாளர்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்புகள். தூக்குவாளியும் மழைக்கொங்காணியுமாக இருட்டிலேயே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மாலையில் வீடு திரும்பிய கையோடு ஆட்டுக்கல் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்றால்? இவர்களுடைய பாட்டிகள் உட்கார்ந்தார்கள். இவர்கள் ஸ்விட்சைத் தட்டுகிறார்கள்.

கண்டுபிடிப்பு என்றதும் ராக்கெட்டும் கம்ப்யூட்டரும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அடுக்களை மூலையில் கடகடவென்று ஓடும் கிரைண்டரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் தென்னிந்தியப் பெண்களின் தோள்பட்டைக்கு இவ்வளவு உபகாரம் செய்த சாதனம் வேறு ஒன்றைச் சொல்வது கஷ்டம்.

கோவையைச் சேர்ந்த பி. சபாபதி 1955இல் உருவாக்கியது அது. கோவையில் அது பிறந்ததும் தற்செயல் அல்ல. 1930களிலேயே பைக்காரா மின்சாரம் அங்கே வந்துவிட்டது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் தயாரித்துக் காட்டினார்கள். பஞ்சாலைகளை நம்பி ஊர் முழுக்க லேத் பட்டறைகள். கல்லுக்குப் பக்கத்திலேயே ஊத்துக்குளி. மோட்டாரையும் கல்லையும் இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். ஒரு கை குழவியைச் சுற்ற, இன்னொரு கை விளிம்புக்கு ஒதுங்கும் மாவைத் திரும்பக் குழிக்குள் தள்ளிவிடும். பார்க்க எளிதாகத் தெரியும் இந்த இரண்டு கை வேலையை அப்படியே இயந்திரத்திடம் செய்யச் சொன்னால் அது திண்டாடிப் போகும். எனவே வேலை தலைகீழாக மாற்றப்பட்டது. கிரைண்டரில் குழவி ஒரு இரும்புப் பிடியில் அடங்கி நிற்கிறது, சுழல்வது கல். மாவைத் தள்ளிவிடும் இடது கைக்குப் பதில் ஒரு சின்னப் பலகை. நிமிடத்துக்கு 1,400 தடவைக்கு மேல் சுற்றும் மோட்டாரின் வேகத்தை பெல்ட்டும் புல்லியும் வெகுவாகக் குறைத்துவிடும். மெதுவாக அரைப்பதால் மாவு சூடாவதில்லை. உளுந்து பொங்கிப் பொங்கி வரும். மிக்ஸியில் அரைத்த இட்லிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மாமியார்களுக்குத் தெரியும்.

மிக்ஸியின் கதையும் ஏறக்குறைய இதே ரகம்தான். மனைவியின் வெளிநாட்டு மிக்ஸி பழுதானதால் பொறியாளர் எஸ்.பி. மாத்தூர் களத்தில் இறங்கினார்; 1963இல் சுமீத் பிறந்தது. கேக் மாவைக் கலக்குவதற்காகச் செய்த மோட்டார் மஞ்சள் கிழங்குக்கும் காய்ந்த மிளகாய்க்கும் தாங்காது என்பது ஐரோப்பியருக்கு எப்படித் தெரியும்?

கிரைண்டர் அதோடு நிற்கவில்லை. பாரக்கல்லிலிருந்து மாவை வழித்தெடுக்கும் பாடு சாய்க்கும் கிரைண்டர் வந்ததும் குறைந்தது. பிறகு மேடை மேல் வைக்கும் டேபிள் டாப்: எவர்சில்வர் பாத்திரம், அடியில் கல், அதன் மேல் உருளும் கூம்புக் கற்கள். 2005-06இல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரம் பட்டுக்கும் டார்ஜீலிங் தேயிலைக்கும் கிடைத்த அதே மரியாதை ஒரு மோட்டார் சாமானுக்கு!

அரசியலும் அதை விடவில்லை. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் 1.85 கோடி குடும்பங்களுக்கு இலவசமாகத் தரும் திட்டத்தை ஜெயலலிதா 2011 செப்டம்பரில் தொடங்கினார். அடுத்த ஆண்டே தமிழகம் மின்வெட்டில் தவித்தது. கிரைண்டர் இருந்தது, கரண்ட் இல்லை. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கப் பயன்பட்ட ஆட்டுக்கற்கள் சில வீடுகளில் மறுபடி கழுவப்பட்டன. 2022 ஜூலையில் கிரைண்டர் மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆக ஏறியபோது கோவை சிறு தயாரிப்பாளர்கள் குமுறியதில் நியாயம் இருந்தது. இது ஆடம்பரப் பொருள் என்று ஒருபோதும் மாவாட்டாதவர்தான் சொல்ல முடியும்.

குறைகளும் உண்டு. கல்லைத் தூக்கிக் கழுவுவது இன்னமும் இடுப்பு வலிக்காரர்களுக்குச் சோதனைதான். சத்தம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்.

மலையில் இன்னொரு தொல்லை. நாலாயிரம் அடிக்கு மேலே, சாரலும் பனியுமாக இருக்கும் மாதங்களில் மாவு புளிக்கவே புளிக்காது. அரைப்பதற்கு இயந்திரம் வந்துவிட்டது, பொங்க வைப்பதற்கு? தோட்டத்து லயங்களில் அதற்குப் பழைய வழிதான். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, தணல் அணையாத அடுப்பின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.