"பொருள் நிச்சயமில்லை" என்று வரும் பரிசோதனைத் தாள்

பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறது. இரண்டு மூன்று நாளில், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், எல்லாம் தானாக அடங்கிவிடுகிறது. சில கிழமை கழித்துத் திரும்பவும் அதே கதை. முன்பென்றால் மன்னார்ப் பக்கத்தில் மலேரியா என்று குளிசை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. இனி அப்படிச் சொல்லி விட்டுவிட முடியாது.

எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்த குடும்பங்களும் புத்தளத்திலேயே தங்கிவிட்ட அவர்களது உறவுகளும் இதை வாசிப்பார்கள் என்று நினைத்தே எழுதுகிறோம். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

வந்துபோகும் காய்ச்சல்களுள் மிகப் பெரும்பாலானவை சாதாரணத் தொற்றுகளே. மிகச் சிலவே பரம்பரையாக வருபவை. அவற்றுள் பெயர்பெற்றது 'குடும்ப மத்தியதரைக் காய்ச்சல்'. கிருமி எதுவும் இல்லாமலே உடல் தனக்குள் அழற்சியை மூட்டிக்கொள்ளும் நோய் இது. துருக்கியர், ஆர்மீனியர், அரபியர், யூதர் நடுவே கூடுதலாகவும் எம்மவரிடையே அரிதாகவும் காணப்படுகிறது. ஐயப்படும் வைத்தியர் குருதி எடுத்துப் பரம்பரை அலகுப் பரிசோதனைக்கு அனுப்புவார். காத்திருந்து வாங்கும் தாளில் சில வேளை இப்படி இருக்கும்: மாற்றம் ஒன்று உண்டு, அதன் பொருள் நிச்சயமில்லை.

அந்த ஒரு வரி வீட்டையே குழப்பிவிடும். நோய் இருக்கிறதா, இல்லையா? மற்றப் பிள்ளைகளுக்கும் வருமா? பேசிவைத்த கலியாணத்தை என்ன செய்வது?

இந்த அலகு எமது 16ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பது. 1997இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன. வெண்குருதிக் கலங்களில் பைரின் என்ற புரதத்தை ஆக்குவது அதன் வேலை. பைரினை வயற்காவலுக்குப் படுத்திருப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றி இறங்கினால் எழும்பித் தகரம் அடிப்பான், ஊர் விழித்துக்கொள்ளும். சில பற்றீரியாக்களின் நஞ்சு கலத்துக்குள் புகுந்தால் பைரின் இப்படித்தான் எழும்பி அழற்சியை மூட்டுகிறது. மற்ற வேளைகளில் அவனை உறங்க வைக்கும் ஏற்பாடும் கலத்துக்குள் உண்டு. அலகின் எழுத்து சில இடங்களில் பிழைத்தால் அந்த ஏற்பாடு தளர்ந்துவிடும். பிறகு சருகு அசைந்தாலே தகரம் அடிபடும்.

ஆனால் எல்லா எழுத்து மாற்றமும் கேடு செய்வதில்லை. 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதி அனுப்பினாலும் கடைக்காரருக்கு விளங்கும். 'கல்' வேண்டும் என்பதைக் 'கள்' வேண்டும் என்று எழுதினால்தான் சங்கடம். பைரினின் 694ஆம் இடத்தில் வரும் ஒரு மாற்றம் கடுமையான நோயைத் தரும் என்பது உறுதியாகத் தெரியும். தென்னாசியரிடம் அதிகம் காணப்படுவதோ 148ஆம் இடத்து மாற்றம். இங்கே இந்த அலகின் 100 பிரதிகளை எடுத்தால் ஏறத்தாழ 30இல் அது இருக்கும். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக எல்லோரிடமும் இரண்டு பிரதிகள் உண்டு. ஆகவே எம்மில் அரைவாசிப் பேர் ஒரு பிரதியிலாவது அதைச் சுமக்கிறோம். இரண்டு பிரதியிலும் சுமப்பவர்கள் 100 பேருக்கு 9 பேர் அளவில் இருப்பர். அது தனித்து நோய் தருவதானால் ஊரில் பத்தில் ஒருவர் மாதந்தோறும் பாயில் கிடக்க வேண்டுமே! அப்படியும் வல்லுநர்கள் அதை முற்றாக விடுதலை செய்யவில்லை. வேறொரு பிழையோடு சேரும்போது சிறிது பங்கெடுக்கலாம் என்ற ஐயத்தால் 'நிச்சயமில்லை' என்ற பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள்.

எழுத்தைப் பார்த்து முடிவுகாண முடியாதபோது, ஆய்வுகூடம் கலத்தையே சோதிக்கிறது. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முறை இது: குருதியிலிருந்து பிரித்த கலங்களுக்கு ஒரு குறிப்பிட்ட மருந்தைக் கொடுக்கிறார்கள். அது சருகுச் சத்தம் போன்ற சிறு தூண்டுதல். சுகதேகியின் காவற்காரன் உறங்குகிறான், நோயாளியின் காவற்காரன் எழும்பிவிடுகிறான். ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்தவர்கள் 2021இல் இன்னொரு வழியை வெளியிட்டார்கள். ஐயத்துக்குரிய மாற்றங்களை ஒவ்வொன்றாக, வளர்த்த கலங்களுக்குள் புகுத்தி, எது கலத்தைச் சாகடிக்கிறது என்று பார்த்தார்கள். 2014இல் கண்டறியப்பட்ட, ஏடிஏ2 நொதியம் குறைவதால் வரும் இன்னொரு பரம்பரை அழற்சி நோயில் வேலை இன்னும் இலகு. குருதியில் அந்த நொதியம் வேலை செய்கிறதா என்று அளந்தால் போதும். அந்த நோயாளிகள் இந்தியாவிலும் இருப்பதை 2021இல் அங்குள்ள வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இவை எமது மாவட்ட வைத்தியசாலையில் கேட்டுக் கிடைப்பவை அல்ல. ஆனால் கிடைப்பவையும் உண்டு. காய்ச்சல் உள்ள நாளிலேயே போய் அழற்சியைக் காட்டும் சீஆர்பி குருதிப் பரிசோதனையைச் செய்வியுங்கள். சுகமான பின் மறுபடி செய்வியுங்கள். காய்ச்சல் நாளில் ஏறியும் பிறகு இறங்கியும் இருந்தால் வைத்தியருக்கு அது பெரிய தடயம். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயைக் கவனியாது விட்டால் அமிலோயிட் என்ற பொருள் சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுத்துவிடும். (வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பவேண்டாம்.)

மருந்து புதியதல்ல. கொல்சிசின் இந்த நோயைத் தடுக்கும் என்பது 1972 முதல் தெரியும். மாரி மழையோடு எங்கள் வேலிகளில் படரும் கார்த்திகைப் பூச்செடியில் உள்ளதும் அதே பொருள்தான். தமிழ்நாட்டில் இதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, விதைக்காகத் தோட்டம் செய்கிறார்கள். அதற்காகக் கிழங்கைக் கிண்டி அவித்துவிடாதீர்கள். வற்றாளை என்று எண்ணி அதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. அளந்த குளிசையை வைத்தியர் சொன்னபடி மட்டும் எடுக்கவேண்டும்.

இனி உறவுகளின் விடயம். 'நிச்சயமில்லை' என்ற மாற்றத்தைத் தீர்க்க ஆய்வுகூடம் முதலில் கேட்பது குடும்பத்தையே. காய்ச்சலே அறியாத மாமாவிடமும் அதே மாற்றங்கள் இருந்தால் அவற்றின் மீதுள்ள ஐயம் குறையும். நோயுள்ளவர்களிடம் மட்டும் இருந்தால் ஐயம் கூடும். இந்த நோய் பெரும்பாலும் இரண்டு பிரதியும் பிழைத்தால்தான் வரும். மச்சான் மச்சாள் கலியாணம் எமது மக்களிடம் பழைய வழக்கமாகையால் யார் யாருக்கு எந்த வழியில் சொந்தம் என்பதும் முக்கியம். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி மக்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தச் சொந்தங்கள் கற்பிட்டி, புத்தளம், கொழும்பு என்று சிதறின. ஊரோடு இருந்திருந்தால் வாப்பாவின் உம்மா ஒரு பின்னேரத்தில் சொல்லியிருக்கக்கூடியதை, இன்று பல ஊருக்குத் தொலைபேசி எடுத்துச் சேர்க்கவேண்டியிருக்கிறது.

ஆகவே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்தால், ஒரு கொப்பியில் மூன்று தலைமுறையை எழுதுங்கள். யாருக்கு அடிக்கடி காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தது, யாருக்குக் குடல்வால் என்று வயிற்றை வெட்டியும் வலி நிற்கவில்லை, யார் இளவயதில் சிறுநீரகம் பழுதாகி மௌத்தானார், யார் யாரை முடித்தார். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பரிசோதனைத் தாளோடு அந்தக் கொப்பியையும் வைத்தியர் முன் வையுங்கள். ஆய்வுகூடங்கள் புதிய விபரம் கிடைத்தால் பழைய முடிவை மாற்றுவதுமுண்டு. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.