பழைய நூலும் இணைய விலையும்: மலேசியத் தமிழ் நூல்களை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஒருவர் படித்துக் கழித்த பழைய நூல் புதிய நூலைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், இணைய நூலங்காடிகளில் சில பழைய நூல்களுக்கு அவற்றின் முதல் விலையைப் போல் நூறு மடங்குக்கு மேலும் கேட்கப்படுவதை ஆய்வாளர் பலர் கண்டிருப்பர். அவ்விலை எவ்வாறு உருவாகிறது என்பதையும், கெடா மாநிலத்துப் பெண்டாங் முதலிய சிற்றூர்களிலும் தோட்டங்களிலும் எஞ்சியுள்ள தமிழ் நூல்களைப் பற்றி அது நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

1. கேட்கும் விலையும் விற்ற விலையும்

இணையத்தில் நாம் காண்பது விற்பவர் கேட்கும் விலையே. வாங்கியவர் கொடுத்த விலை அன்று. ஒரு நூலின் ஐந்து படிகள் விற்பனைக்கு வந்தால் மலிவான நான்கும் முதலில் விற்றுப்போகும். எவரும் வாங்காத ஐந்தாம் படி மட்டும் பட்டியலில் நிற்கும். பின்னர்த் தேடி வருபவர், அதுவே அந்நூலின் விலை என்று கருதிவிடுகின்றார். விற்பவருக்கும் அவசரமில்லை. அலமாரியில் ஒரு நூலை வைத்திருக்க ஆகும் செலவு மிகக் குறைவு. என்றேனும் ஒரு நூலகமோ ஆய்வாளரோ வரலாம் என்ற நம்பிக்கையில் அவர் காத்திருக்கின்றார்.

2. கணினி கூட்டும் விலை

சில விலைகளை மனிதர் நிர்ணயிப்பதே இல்லை. இதற்குப் பெயர்பெற்ற சான்று 2011இல் வெளிப்பட்டது. பீட்டர் லாரன்ஸ் 1992இல் வெளியிட்ட, ஈயின் வளர்ச்சி பற்றிய உயிரியல் நூல் ஒன்றன் பழைய படிகள் ஏறத்தாழ 35 அமெரிக்க டாலருக்குக் கிடைத்து வந்தன. அமேசான் தளத்தில் அதன் புதிய படிகளை இரு விற்பனையாளர் மட்டுமே பட்டியலிட்டிருந்தனர். ஒருவரின் கணினி, மற்றவர் விலையின் 0.9983 மடங்கை நாள்தோறும் தன் விலையாக வைத்தது. மற்றவரின் கணினியோ முன்னவர் விலையின் 1.27059 மடங்கை வைத்தது. இவ்விரண்டையும் பெருக்கினால் 1.268 வருகின்றது. அஃதாவது, ஒவ்வொரு சுற்றிலும் விலை ஏறத்தாழ 27 விழுக்காடு உயர்ந்தது. 2011 ஏப்ரல் 18இல் அவ்விலை 2 கோடியே 36 இலட்சம் டாலரைக் கடந்தது. பின்னர் ஒருவர் தலையிட, 106 டாலராக வீழ்ந்தது.

இதனைக் கண்டறிந்து எழுதிய உயிரியலறிஞர் மைக்கேல் ஐசன், உயர்ந்த விலை வைத்தவரிடம் அந்நூல் இல்லாதிருக்கலாம் என ஊகித்தார். யாரேனும் கேட்டால் மற்றவரிடம் வாங்கி இலாபத்துடன் அனுப்புவதே அவர் திட்டமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. எனவே, விலை இருப்பதால் நூல் இருக்கின்றது என்றுகூட உறுதி கூற இயலாது.

3. உண்மையான அருமை

இவற்றை நீக்கிப் பார்த்தாலும் சில நூல்கள் உண்மையிலேயே விலை உயர்ந்தவை. குறைந்த படிகளே அச்சாகி, மறுபதிப்புக் காணாமல், அதே வேளையில் சிலருக்கு இன்றியமையாததாக இருக்கும் நூலே அவ்வாறு விலையேறுகின்றது. தேவை இல்லையெனில் அருமைக்கு மட்டும் விலை கிடைப்பதில்லை. மறுபதிப்புக்குப் பதிப்புரிமையும் தடையாகலாம். மலேசியாவில் நூலாசிரியர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் இந்தியாவில் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கின்றது. உரிமையாளரின் வழித்தோன்றலைக் கண்டறிய முடியாதபோது மறுபதிப்பு நின்றுபோகின்றது.

4. மலேசியத் தமிழ் நூல்களின் நிலை

மலேசியத் தமிழ் நூல்கள் பலவற்றை ஆசிரியர்களே தம் செலவில் சில நூறு படிகள் அச்சிட்டு, நண்பர்களிடமும் தோட்டத்து வாசகர்களிடமும் விற்றனர். பள்ளி மலர், கோயில் குடமுழுக்கு மலர், சங்க ஆண்டுமலர் முதலியவை கடைக்கே வந்ததில்லை. 1970இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட அனைத்துலகத் தர நூல் எண், அதற்கு முற்பட்ட நூல்களில் இல்லை. பிற்பட்ட பல வெளியீடுகளிலும் இல்லை. இணைய அங்காடிகள் பெரிதும் அவ்வெண்ணைக் கொண்டே நூல்களை ஒப்பிடுகின்றன. எண் இல்லாத தமிழ் நூலின் பெயரை உரோமன் எழுத்தில் ஆளுக்கொரு வகையாக எழுதுகின்றனர். ழகரம் ஒன்றே பல வடிவம் கொள்கின்றது. ஆகவே, ஒரே நூலின் இரு படிகள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. தனித்து நிற்கும் படிக்குப் போட்டியும் இல்லை.

ஆனால், இதனினும் கவலைக்குரியது மறுபக்கமாகும். மிக அரியவை பட்டியலுக்கே வருவதில்லை. நெல்வயலும் இரப்பர்க் காடும் அடுத்தடுத்து அமைந்த பெண்டாங் வட்டாரத்திலும், பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் ஆகியவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. வீடு மாறும்போது தகரப் பெட்டியில் இருந்த நூல்கள், ‘சுராட் காபார் லாமா’ என ஒலிபெருக்கியில் அழைத்து வரும் வண்டிக்கு எடைக்குப் போகின்றன. ஈரக் காற்றும் கறையானும் எஞ்சியவற்றை அழிக்கின்றன. சந்தையில் விலையே இல்லாத நூல், வீட்டில் மதிப்பற்ற தாளாகத் தோன்றுகின்றது.

இந்நிலையை மாற்ற இயலும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா சான்றாவார். பிறர் பொருட்படுத்தாத நாவல்கள், பாட்டுப் புத்தகங்கள், நாடக அறிவிப்புகள் முதலியவற்றையும் அவர் தொகுத்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. எனினும் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லவில்லை. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

5. ஆசிரியர்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, பழைய நூலொன்று கிடைத்தால் அதன் தலைப்புப் பக்கம், அச்சகம், ஆண்டு, பதிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இரண்டாவதாக, இராம சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ என்னும் நூற்பட்டியலுடன் ஒப்பிடலாம். 1969க்கு முற்பட்ட நூல் அதில் இடம்பெறவில்லையெனில் அது மேலும் கவனத்திற்குரியது. மூன்றாவதாக, நூலகப் பொருள்களை ஒப்படைக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இன்று வெளியிடும் மலர்களையும் தேசிய நூலகத்திற்கு அனுப்பும் வழக்கத்தைப் பள்ளிகளும் சங்கங்களும் கைக்கொள்ள வேண்டும். கிழிந்த தாள்களில் ஒட்டும் நாடாவைப் பயன்படுத்தலாகாது. அதன் பசை காலப்போக்கில் தாளைக் கறைப்படுத்தும்.

முடிவுரை

இணையத்தில் தோன்றும் உயர்ந்த விலை ஒரு நூலின் தகுதியை அளப்பதில்லை. போட்டியின்மை, கணினிக் கணக்கு, காத்திருக்கும் விற்பனையாளர், உண்மையான அருமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றோ பலவோ அதற்குக் காரணமாகலாம். அதுபோலவே, விலை இன்மையும் தகுதியின்மை ஆகாது. தோட்டத் தமிழரின் வாழ்வை எழுத முற்படும் நாளைய ஆய்வாளருக்கு, இன்று எடைக்குப் போகும் ஒரு பள்ளி மலரே ஒரே சான்றாக அமையக்கூடும். அதன் மதிப்பை அறிந்து சொல்லும் பொறுப்பு சந்தையினுடையது அன்று. தமிழாசிரியர்களாகிய நம்முடையதே ஆகும்.