வருசநாட்டில் சர்க்காரின் பங்கு

வைகை பிறக்கும் மண் வருசநாடு. ஆனால் மேகமலைத் தொடரிலிருந்து இறங்கி வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக வரும் மூல வைகையில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். மலைக்கு இந்தப்புறம் மழைமறைவு. பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கை 1895 முதல் வளமாக்கி வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஏறுவதில்லை. 1959-இல் திறந்த வைகை அணையும் கீழ்ப்புற மாவட்டங்களின் பாசனத்துக்கும் குடிநீருக்குமே நீர் தேக்குகிறது. மேலே இருப்பவர்களுக்கு இலவம், முந்திரி, மானாவாரி வெள்ளாமை, கூலி வேலை. இலவங்காய் வருடத்துக்கு ஒரு தடவைதான் காசு கொடுக்கும். மற்ற மாதங்களுக்குக் கடன்தான் கதி. இப்படிப்பட்ட பகுதிகளை மக்களும் அரசும் சேர்ந்து மேலே கொண்டுவர வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எது யாருடைய வேலை, எது முதலில் நடக்க வேண்டும் என்று கேட்டால்தான் பதில் கிடைப்பதில்லை. அந்தப் பதிலில் பாதியை வருசநாடு ஏற்கெனவே நடத்திக் காட்டியிருக்கிறது.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் இயக்கம் கடமலை வட்டாரத்தில் வேர்விட்டது 1990-களில். பதினைந்து இருபது பெண்கள் ஒரு குழு. மாதாமாதம் சேமிப்பு, அதிலிருந்தே கடன், வட்டி எவ்வளவு என்பதும் அவர்கள் முடிவு. கந்துவட்டிக்காரரிடம் போயிருக்கும் வட்டி குழுவின் பெட்டிக்கே திரும்பி வருகிறது. குழுக்கள் சேர்ந்து தொகுதியாகவும், தொகுதிகள் சேர்ந்து வட்டாரக் களஞ்சியமாகவும் வளர்ந்தன. கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்களே என்பது சின்ன விஷயமில்லை. அதனால்தான் கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்கள் கையில் நின்றது. அதே சமயம், இந்தச் சேமிப்பு தனியாக எவ்வளவு தூரம் போயிருக்கும்? ஒரு குடும்பத்தின் கறவை மாட்டுக்கே பத்துப் பேர் பணம் காலியாகிவிடும். 1992-இல் நபார்டு வங்கி சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. பதிவு செய்யாத குழுவுக்கும் கணக்குத் தொடங்கலாம், சொத்து ஈடு இல்லாமல் கடன் தரலாம் என்று விதி வந்தது. நாட்டிலுள்ள அத்தனை பெண்களும் கூடினாலும் அந்த விதியைத் தாங்களாக எழுதியிருக்க முடியாது. குழுவின் சேமிப்புப் பழக்கத்தை அரசாணை போட்டு உண்டாக்கவும் முடியாது. வங்கி நம்பியது அந்தப் பழக்கத்தைத்தான்.

மருத்துவத்திலும் இதே வரிசைதான். கடமலை வட்டாரத்துக் களஞ்சியப் பெண்கள் 2000-ஆம் ஆண்டிலேயே தங்களுக்குள் சந்தா போட்டு மருத்துவக் காப்பீடு நடத்தினார்கள். தமிழக அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009-இல். பெரிய அறுவைச் சிகிச்சையை ஒரு வட்டாரத்தின் சந்தா தாங்காது. அது அரசு சுமக்க வேண்டியது. ஆனால் 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க அரசு ஆள் எடுத்தது மகளிர் குழுக்களிலிருந்துதான். கராச்சியின் ஓரங்கி குடியிருப்பில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய பணியும் இப்படிப் பங்கு பிரித்தே வென்றது: சந்துக்குள் கழிவுநீர்க் குழாயை அந்தச் சந்துக்காரர்கள் தங்கள் செலவில் போட்டார்கள், அதைக் கொண்டுசேர்க்கும் பெரிய வாய்க்கால் அரசின் பொறுப்பு.

இதற்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு. சாலையும் மருத்துவரும் வரிப்பணத்தில் வரவேண்டியவை. பெண்களைச் சேமிக்கச் சொல்லிவிட்டு அரசு நழுவுகிறது என்பார்கள். நியாயமான பயம். கூலிக்காக மாதக்கணக்கில் வெளியூர் போகும் குடும்பம் கூட்டத்துக்கு வரமுடியாமல் குழுவை விட்டு நின்றுவிடுவதும், 2010-இல் ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடியில் கடனாளிகள் தற்கொலைவரை போனதும் இந்தப் பயத்துக்குத் துணை நிற்கின்றன. ஆனால் ஆந்திராவில் கடன் கொடுத்தது லாபத்துக்கு வந்த நிறுவனம். களஞ்சியத்தில் கடன் கொடுப்பது பக்கத்து வீட்டுப் பெண்ணின் சேமிப்பு. தமிழகத்தில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இல் வந்தது. ஆனால் ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆயிரம் ரூபாய் தர வேறு கை இருக்கும் ஊரில்தான் அந்தச் சட்டத்துக்குப் பலன் உண்டு. குழு இருக்கும் ஊர், நழுவும் அரசைப் பிடித்து நிறுத்தவும் தெம்புள்ள ஊர்.

குழுவால் தொடவே முடியாத ஓர் இடம் மலைமேல் இருக்கிறது. வருசநாட்டு வனத்துக்குள் பளியர் பழங்குடியினரும், உணவுப் பஞ்சக் காலத்தையொட்டிக் கீழிருந்து ஏறிய விவசாயிகளும் வாழ்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்ட பிறகு வெளியேற்றம் பற்றிய அச்சம் கூடியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மனு வாங்கிச் சரிபார்க்கும் வேலையைக் கிராம சபையிடமே கொடுத்தது. ஆனால் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழகத்தில் உரிமை வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அதோடு, பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஏறியவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் கூடிவராது. உரிமை இல்லாத நிலத்துக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடன் இல்லை. எத்தனை வருடம் ஒழுங்காகச் சேமித்தாலும் அந்தக் கதவு திறக்காது.

காட்டை அழித்தால் வைகை வறளும், ஐந்து மாவட்டங்கள் தவிக்கும் என்று வனத்துறை சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அது உண்மை. ஆனால் நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர் இருபது வருடம் நின்று காய்க்கும் மரத்தை ஏன் வைப்பார்? பளியர்களுக்கு 75 ஆண்டு நிபந்தனை கிடையாது. அவர்களுடைய மனுக்களை முடித்துக் கொடுக்க இன்று எந்தத் தடையும் இல்லை. மற்றவர்களுக்கு, இருக்கும் இடத்தில் உரிமையா, கீழே தண்ணீருள்ள நிலத்தோடு மறுகுடியமர்வா என்பதைக் கிராம சபையில் உட்கார்ந்து பேசி, எழுத்தில் தரவேண்டியது மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும்தான். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் மலைமேல் இருக்கும் குழுவுக்கும் வங்கிக் கடன், மரக்கன்று, தடுப்பணைப் பராமரிப்பு என்று பேச முடியும்.