முறை தவறாத மருந்து

பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் ‘பாடு’ என்னும் ஒழுங்கை வழிவழியாகக் காத்து வருகின்றனர். எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்து வகுத்துக் கொள்வதே அது. முறை தவறினால் அன்றைய பிழைப்புப் போகும். காசநோய் மருந்திலோ முறை தவறினால் உயிருக்கே கேடு விளையும்.

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்பார் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்டிரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். இதனை வாய்வழி உட்கொண்டால் இரத்தத்தில் போதிய அளவு சேராது. எனவே ஊசியாகவே செலுத்தினர். தனித்துக் கொடுத்தால் கிருமிகள் எதிர்ப்புப் பெற்றுவிடும். ஆதலின் துணைமருந்தும் சேர்த்தனர்.

சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. வீட்டிலிருந்தே மருந்துண்ட நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியோரைப் போலவே குணமடைந்தனர் என 1959-இல் அது உலகுக்கு அறிவித்தது. வாரம் இருமுறை, ஊழியர் முன்னிலையில், ஸ்டிரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட் மாத்திரையும் கொடுத்தாலும் நல்ல பலன் கிட்டும் என்பது 1964-இல் வெளியாயிற்று. நிலையத்திற்கு வராதவர் எவர் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும் என்பது இம்முறையின் தனிச்சிறப்பு.

இவ்வூசியில் நர்சின் பொறுப்பு பெரிது. பெருந்தசையில் ஆழமாக, இடம் மாற்றி மாற்றிப் போடவேண்டும். மருந்து தோலில் பட்டால் சிலருக்குத் தடிப்பு உண்டாகுமாதலால் கையுறை அவசியம். ஒவ்வொரு முறையும், “காதில் இரைச்சல் உண்டா? தலை சுற்றுகிறதா? நடை தள்ளாடுகிறதா?” என்று கேட்டறிய வேண்டும். இம்மருந்து செவி நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கக் கூடும். போன செவிப்புலன் மீள்வது அரிது. படகில் நின்று வலை வீசுபவனுக்கு உடல் நிலை தடுமாறினால் தொழிலே போய்விடும். கருவிலுள்ள சிசுவின் செவியும் கெடக்கூடுமாதலால் கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. முதியோர்க்கும் சிறுநீரகம் நலிந்தோர்க்கும் அளவைக் குறைத்தல் வேண்டும்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு இவ்வூசி வேண்டுவதில்லை. நாள்தோறும் உண்ணும் மாத்திரைகள் ஆறு மாத காலத்திற்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயினும் பழைய ஆபத்து நீங்கவில்லை. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று உடல் தேறியதும் மருந்தை நிறுத்துவோர் உளர். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாய் எழுந்து, வீட்டாரையும் பற்றும்.

தறியிலோ வயலிலோ உழைக்கும் நம் அங்கத்தினர்களில் எவருக்கேனும் இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், சளியைப் பரிசோதிக்கச் செய்வீர்களாக. மருந்து தொடங்கியவரைக் கடைசி நாள்வரை உண்ணச் செய்வது வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் உரிய கடமை என்போம்.